கதை வாயில் இல்லை, கையில்

'இட் டேக்ஸ் டூ' தனி ஆளாக ஆட முடியாத வீடியோ கேம். ஸ்டாக்ஹோமில் உள்ள ஹேஸ்லைட் ஸ்டுடியோஸ் உருவாக்கி, எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 2021 மார்ச் 26 அன்று வெளியிட்டது. திரை நெடுக்காக இரண்டாகப் பிளந்திருக்கும். ஒரு பாதியில் ஒருவர், மறுபாதியில் இன்னொருவர், ஆளுக்கொரு கன்ட்ரோலர். ஒரே சோபாவில் உட்கார்ந்தும் ஆடலாம், வேறு வேறு ஊரிலிருந்து இணையம் வழியாகவும் ஆடலாம். ஆனால் இரண்டாவது ஆள் வராவிட்டால் ஆட்டம் தொடங்காது. துணைக்குக் கணினியே ஆடித் தரும் ஏற்பாடு எதுவும் இதில் கிடையாது.

வெளியானபோது விமர்சகர்கள் தாராளமாகவே மதிப்பெண் போட்டார்கள். மெட்டாக்ரிட்டிக் தளம் தொகுத்த சராசரி நூற்றுக்கு 88-ஐ ஒட்டி நின்றது. அந்த ஆண்டு டிசம்பரில் நடந்த 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் 'டெத்லூப்', 'மெட்ராய்ட் டிரெட்', 'சைக்கோநாட்ஸ் 2', 'ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ்' போன்றவற்றை முந்திக்கொண்டு ஆண்டின் சிறந்த ஆட்டம் என்ற விருதைத் தட்டிச் சென்றது. இருவர் கூடித்தான் ஆட வேண்டும் என்ற நிபந்தனை உள்ள ஆட்டத்துக்கு அந்த விருது போனது அதுவே முதல் முறை. 2023 பிப்ரவரிக்குள் ஒரு கோடிப் பிரதிகள் விற்றன. 2024-இல் அந்தக் கணக்கு இரண்டு கோடியைத் தாண்டியது. ஒருவர் வாங்கினால் போதும், அவருடைய நண்பர் காசு கொடுக்காமல் சேர்ந்து ஆடலாம் என்ற சலுகையும் இருந்ததால் ஆடியவர்கள் வாங்கியவர்களை விடவும் அதிகம்.

இத்தனை பாராட்டுக்கு நடுவிலும் ஒரு தீர்ப்பு மட்டும் விமர்சனத்துக்கு விமர்சனம் திரும்பி வந்தது: ஆட்டம் பிரமாதம், கதைதான் சொதப்பல். கதை அரதப்பழசு, வசனம் நீட்டி முழக்குகிறது, பேசும் புத்தகமாக வரும் பாத்திரம் எரிச்சலூட்டுகிறது, யானைக் காட்சி படு விகாரம், மணமுறிவைப் பற்றிய பார்வை பழம்பஞ்சாங்கம் என்று அது பல உருவில் வரும். சிறந்த கதைக்கான விருதுப் பட்டியலிலும் இந்த ஆட்டத்தின் பெயர் அந்த ஆண்டு இருந்தது; அதனால் பொதுக் கருத்து அசைந்துவிடவில்லை. இன்றைக்கும் இந்த ஆட்டத்தை ஒருவருக்குச் சிபாரிசு செய்கிறவர், 'கதையைக் கண்டுகொள்ளாதே' என்று ஒரு வாக்கியத்தைச் சேர்த்தே சொல்கிறார்.

இந்தத் தீர்ப்பு தவறு. இதற்குள் அடுக்கப்படும் குறைகளில் சில உண்மைதான். அவற்றை மறுக்க வேண்டியதில்லை. மறுக்க வேண்டியது இதன் அடித்தளத்தை. ஆட்டம் ஒரு சரக்கு, கதை வேறொரு சரக்கு, இரண்டையும் தனித்தனியாகத் தராசில் வைத்து நிறுத்துவிடலாம் என்ற எண்ணம் இந்த ஆட்டத்தில் செல்லாது. இங்கே கதையின் பெரும்பகுதி இருவர் கைகளில் நடக்கிறது. இடையிடையே வரும் படக்காட்சிகள் அதன் மேல்பூச்சு. விமர்சகர்கள் பூச்சைச் சுரண்டிப் பார்த்துவிட்டுச் சுவர் சரியில்லை என்றார்கள்.

முதலில் கதைச் சுருக்கம். மே, கோடி இருவரும் கணவன் மனைவி. மே பொறியாளர், வேலையே கதி என்று இருப்பவர். கோடி வீட்டில் இருந்து மகளைப் பார்த்துக்கொள்பவர். பிரிந்துவிடுவது என்று முடிவெடுத்து, சின்னப் பெண்ணான ரோஸிடம் அதைச் சொல்கிறார்கள். ரோஸ் தன் கையால் செய்த இரண்டு பொம்மைகளை எடுத்துக்கொண்டு போய் அழுகிறாள். கண்ணீர் பட்டதும் அம்மாவும் அப்பாவும் அந்தப் பொம்மைகளுக்குள் போய்விடுகிறார்கள். மே மரப்பொம்மை, கோடி களிமண் பொம்மை. அங்குலக் கணக்கில் சிறுத்துப்போன இருவரும் தங்கள் வீட்டுக் கொட்டகை, தோட்டத்து மரம், மகளின் அறை, குக்கூ கடிகாரம், பனிக் குடுவை, தோட்டம், மாடிப் பரண் என்று ஏழு இடங்களைக் கடந்து தங்கள் உடம்புக்குத் திரும்ப வழி தேடுகிறார்கள். டாக்டர் ஹக்கீம் என்ற பேசும் புத்தகம் வழிநெடுகக் குறுக்கிட்டு, தாம்பத்திய ஆலோசனை சொல்லி உயிரை வாங்குகிறது.

இப்படிச் சுருக்கமாகச் சொன்னால் கதை சாதாரணமாகத்தான் தெரியும். சுருக்கத்தில் பிழைக்காத கதைகள் எத்தனையோ உண்டு. இது அவற்றில் ஒன்றா என்று பார்க்க, இதே இயக்குநரின் முதல் ஆட்டத்துக்குப் போக வேண்டும்.

ஜோசெஃப் ஃபாரெஸ் 1977-இல் பெய்ரூட்டில் பிறந்தவர். லெபனான் உள்நாட்டுப் போரிலிருந்து தப்பி, பத்து வயதில் குடும்பத்தோடு சுவீடன் போய்ச் சேர்ந்தார். வீடியோ கேமுக்கு வருவதற்கு முன்பு அவர் திரைப்பட இயக்குநர், 2000-இல் 'யல்லா! யல்லா!', 2005-இல் அந்தப் போர்க்காலச் சிறுவன் ஒருவனைப் பற்றிய 'சோசோ'. 2013-இல் ஸ்டார்பிரீஸ் ஸ்டுடியோஸுக்காக அவர் இயக்கிய 'பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ்' என்ற ஆட்டத்தில் இரண்டு அண்ணன் தம்பிகள். ஆடுகிறவர் ஒருவரே. கன்ட்ரோலரின் இடப்பாதி அண்ணனை நடத்தும், வலப்பாதி தம்பியை நடத்தும். தம்பிக்குத் தண்ணீர் என்றால் பயம். ஆறு குறுக்கிட்டால் அண்ணன் முதுகைப் பற்றிக்கொண்டுதான் கடப்பான். அண்ணன் இறந்துபோகிறான். ஊர் திரும்பும் வழியில் தம்பி தனியாகத் தண்ணீர் முன் நிற்கிறான். வலப்பாதிப் பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் அவன் இறங்க மறுக்கிறான். வேறு வழி தெரியாமல், இவ்வளவு நேரம் சும்மா கிடந்த இடப்பாதிப் பொத்தானை, செத்துப்போன அண்ணனின் பொத்தானை, ஆடுகிறவரின் விரல் தொடுகிறது. தம்பி நீந்துகிறான்.

அந்த ஒரு நொடியை எழுதாத விமர்சகர் இல்லை. கட்டுப்பாட்டுப் பொத்தானையே கதையாக்கிவிட்டார் ஃபாரெஸ் என்று கொண்டாடினார்கள். கவனிக்க வேண்டியது, அந்த ஆட்டத்தில் வசனம் புரியாது. பாத்திரங்கள் பேசுவது ஃபாரெஸ் தரப்பு இட்டுக்கட்டிய மொழி. காதுக்கு வேலை இல்லாததால் விமர்சகர்கள் கையைக் கவனித்தார்கள். 'இட் டேக்ஸ் டூ'வில் பாத்திரங்கள் ஆங்கிலத்தில் வாய் ஓயாமல் பேசுகின்றன. உடனே காது வேலைக்கு வந்துவிட்டது, கையைக் கவனிப்பது நின்றுபோயிற்று. எட்டு ஆண்டுக்கு முன் தாங்களே மெச்சிய இலக்கணத்தை இந்த முறை அவர்கள் வாசிக்கவில்லை.

அந்த இலக்கணம் முதல் இடமான கொட்டகையிலேயே தொடங்கிவிடுகிறது. கோடியின் கையில் ஆணி, மேயின் கையில் சுத்தியல் தலை. கோடி மரச்சுவரில் ஆணியை எறிந்து பதிக்கிறான். மே சுத்தியலின் கொக்கியை அந்த ஆணியில் மாட்டி ஊசலாடிப் பள்ளத்தைத் தாண்டுகிறாள். ஆணி போதாது, முன்னால் அடித்த ஆணியை விசில் அடித்துத் திரும்ப வரவழைத்து அடுத்த இடத்தில் பதிக்க வேண்டும். மே தொங்கிக்கொண்டிருக்கும்போது கோடி விசில் அடித்துவிட்டால் அவள் கீழே விழுகிறாள். இது தெரியாமலும் நடக்கும், வேண்டுமென்றும் நடக்கும். எந்த வீட்டில் இந்த ஆட்டம் நடந்தாலும் முதல் அரைமணி நேரத்துக்குள் இந்த விசிலால் ஒரு சண்டை நிச்சயம். 'நான் இன்னும் தாண்டவே இல்லை, அதுக்குள்ள ஏன் எடுத்தே?' என்று ஒரு குரல். 'சொன்னாத்தானே தெரியும்' என்று மறுகுரல். திரையில் மேயும் கோடியும் என்ன பேசிக்கொண்டிருக்கிறார்களோ அதையே சோபாவில் இருக்கும் இருவரும் தங்களை அறியாமல் பேசுகிறார்கள். இந்த உரையாடலை எழுத்தாளர் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியத்தையே ஆணியும் விசிலும் இல்லாமல் ஆக்கிவிட்டன. எழுதிய வசனம் மட்டும்தான் வசனம் என்று கணக்கு வைத்தால் இதற்கு மதிப்பெண் பூஜ்யம்.

அடுத்தது மரம். அணில்கள் இருவரையும் குளவிகளுக்கு எதிரான போருக்குப் பிடித்து அனுப்புகின்றன. கோடியிடம் பிசின் பீய்ச்சும் துப்பாக்கி, மேயிடம் தீக்குச்சி எய்யும் துப்பாக்கி. பிசின் மட்டும் அடித்தால் எதிரி கனத்துத் தள்ளாடும். தீக்குச்சி பிசினில் பட்டால்தான் வெடிக்கும். ஆணியும் சுத்தியலும் போல இதுவும் தனித்தனியே பாதி மட்டும் பயன்படும் ஜோடி. இதுவரை விமர்சகர்களும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் இதைப் 'புத்திசாலித்தனமான வடிவமைப்பு' என்ற பத்தியில் போட்டுவிட்டு, கதைக்கு வேறு பத்தி திறப்பார்கள்.

குக்கூ கடிகாரத்துக்கு வந்த பிறகு அந்தப் பிரிவினை தாங்காது. அங்கே கோடிக்குக் கிடைப்பது பொருள்களின் காலத்தைப் பின்னோக்கித் திருப்பும் ஆற்றல்; இடிந்த பாலம் அவன் விரலசைவில் திரும்ப எழும். மேக்குக் கிடைப்பது தன்னைப் போல ஒரு நகலை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு வேறிடம் போய், வேண்டும்போது நகல் நிற்கும் இடத்துக்கே தாவும் ஆற்றல். வீட்டில் இருப்பதில்லை, நேரமே இல்லை என்பதுதான் மே மீதுள்ள முதல் புகார். அந்தப் பெண்ணுக்கு ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்கும் வரம். வேலைக்குப் போகாமல் வீட்டில் தங்கி, பழைய நாளை நினைத்துக் குமைகிற ஆணுக்குப் போன நேரத்தை மீட்கும் வரம். இருவருக்கும் அவரவர் குறையே கருவியாகத் தரப்படுகிறது, அதுவும் கடிகாரத்துக்குள். இதை வசனத்தில் யாராவது விளக்கிச் சொல்லியிருந்தால் 'நுட்பமான பாத்திரப் படைப்பு' என்று எழுதியிருப்பார்கள். கையில் கொடுத்ததால் 'புதிய மெக்கானிக்' என்று எழுதினார்கள்.

பனிக் குடுவைக்குள் இருப்பது இருவரும் முன்பு மகிழ்ச்சியாகக் கழித்த பனிமலை விடுமுறையின் நினைவு. அங்கே ஆளுக்கொரு காந்தத் துண்டு, எதிரெதிர் துருவங்கள். ஈர்ப்பைச் சொல்லக் காந்தம் என்பது ரொம்பச் சுலபமான உவமைதான். இந்த இடத்தில் விமர்சகர் உதட்டைப் பிதுக்கினால் குற்றமில்லை. தோட்டம் அதைவிட மேல். செடி வளர்ப்பது கோடி கைவிட்ட ஆசை. கவனிப்பாரற்ற தோட்டம் நோய்ப்பட்டுக் கிடக்கிறது. அங்கே கோடி விதவிதமான செடியாக மாறுகிறான். மே தண்ணீர் பாய்ச்சுகிறாள். வேலை வேலை என்று ஓடியவள் இப்போது நின்று நிதானமாகக் கணவனுக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். ஊற்றாவிட்டால் அவன் நகர முடியாது. பரணில் நிலைமை தலைகீழ். பாட்டு மே விட்டுவிட்ட ஆசை. அவள் குரல் வழி திறக்கிறது, கோடி கையில் தாளத் தட்டை ஏந்தி அவளுக்குத் துணை நிற்கிறான். முதலில் அவன் ஆசைக்கு அவள் உழைப்பு, பிறகு அவள் ஆசைக்கு அவன் உழைப்பு. அடுத்தடுத்து வைத்த இந்த இரண்டு இடங்களும் சேர்ந்து, ஒரு திருமணத்தில் என்ன பட்டுப்போயிற்று, அது எப்படித் துளிர்க்கக்கூடும் என்பதைச் சொல்லி முடித்துவிடுகின்றன. அதன் மேல் ஹக்கீம் வந்து பேசுவதுதான் உபரி.

இப்படி வாசிப்பது வலிந்து பொருள் சொல்வது, எதை எடுத்தாலும் இதுபோல ஏதாவது சொல்லலாம் என்று எதிர்வாதம் வரும். சொல்ல முடியாது. மகளின் அறையில் விண்வெளிப் பகுதி ஒன்று இருக்கிறது. அங்கே கோடிக்கு உடம்பைப் பெருக்கிச் சுருக்கும் பட்டை, மேக்குச் சுவரிலும் கூரையிலும் நடக்க உதவும் காலணி. ஆட்டத்தின் மிக உற்சாகமான பகுதிகளில் ஒன்று. ஆனால் இதற்கும் அந்தத் திருமணத்துக்கும் ஒட்டுறவு கிடையாது. அது குழந்தையின் விளையாட்டுச் சாமான், அவ்வளவுதான். எல்லா இடத்திலும் பொருள் ஒட்டாது என்பதே, ஒட்டுகிற இடத்தில் அது தற்செயலாக ஒட்டவில்லை என்பதற்கு அடையாளம்.

மகளின் அறையில்தான் யானையும் இருக்கிறது. இந்த ஆட்டத்தைப் பற்றி அதிகம் திட்டப்பட்ட காட்சி அதுவே. ரோஸ் அழுதால் அந்தக் கண்ணீர் தங்களைப் பழையபடி மாற்றிவிடும் என்று மேயும் கோடியும் நம்புகிறார்கள். அவளை அழவைக்க என்ன வழி? அவளுக்கு மிகப் பிடித்த பொம்மையை அழிப்பது. அந்தப் பொம்மை கியூட்டி, பொம்மைக் கோட்டையின் யானை ராணி. இருவரையும் கண்டதும் அன்போடு வரவேற்கிறது. நோக்கம் தெரிந்ததும் ஓடுகிறது, கெஞ்சுகிறது. இருவரும் அதைப் பிடித்து விளிம்பை நோக்கி இழுக்கிறார்கள். வழியில் ஒரு கால் பிய்கிறது, காது கிழிந்து வருகிறது. கெஞ்சல் நிற்கவில்லை. கடைசியில் கீழே தள்ளுகிறார்கள். ரோஸ் அழுகிறாள், கண்ணீர் மேலே விழ இருவரும் குதூகலிக்கிறார்கள். எதுவும் மாறவில்லை.

குடும்பத்தோடு ஆடும் ஆட்டத்தில் இப்படி ஒரு காட்சியா, எழுத்தாளருக்குத் தொனி பிடிபடவில்லை, அதுவரை பிடித்திருந்த இருவரையும் இதற்குப் பிறகு வெறுக்கத்தான் தோன்றுகிறது என்பது பரவலான புகார். ஆடியவர்களில் பலர் அழுதார்கள், சிலர் கன்ட்ரோலரைக் கீழே வைத்தார்கள். இவையெல்லாம் காட்சி தவறிப்போனதற்கு அடையாளம் என்று எடுத்துக்கொள்ளப்பட்டன. காட்சி என்ன செய்ய வந்ததோ அதைச் செய்துவிட்டதற்கு அடையாளம் என்று எடுத்துக்கொள்வதே நியாயம். பிரிகிற பெற்றோர் தங்கள் காரியத்துக்காகக் குழந்தையின் துக்கத்தைப் பகடைக்காயாக்குவது ஊர் உலகத்தில் நடக்காத ஒன்றா? வழக்கு மன்றத்திலும் நடக்கிறது, அடுக்களையிலும் நடக்கிறது. இந்த ஆட்டம் அதை ஒரு பஞ்சு யானையின் உடம்பில் காட்டுகிறது. அதனால்தான் பார்க்க முடிகிறது, அதனால்தான் பார்க்க முடியவும் இல்லை.

இன்னொன்றை எந்தப் புகாரும் தொடவில்லை. யானையை இழுப்பதற்கு இரண்டு பேரும் பொத்தானை அழுத்த வேண்டும். ஒருவர் மட்டும் அழுத்தினால் காரியம் நடக்காது. ஒருவர் மறுத்தால் ஆட்டம் அங்கேயே நிற்கும். ஆகவே, 'நான் வேண்டாம்னுதான் சொன்னேன், நீதான் இழுத்தே' என்று பிறகு யாரும் கைகழுவ முடியாது. ஆட்டம் முழுக்க ஒத்துழைப்பு, ஒத்துழைப்பு என்று ஹக்கீம் கூவிக்கொண்டே வருகிறது. அதுவரை மேயும் கோடியும் இவ்வளவு கச்சிதமாக, ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஒத்துழைத்த இடம் இந்தக் கொலைதான். ஒத்துழைப்பு என்பதே புண்ணியம் என்று இந்த ஆட்டம் வெகுளித்தனமாகப் பிரசங்கம் செய்கிறது என்ற குற்றச்சாட்டுக்கு இந்த ஒரு காட்சி போதுமான பதில். இரண்டு கை தட்டினால் ஓசை வரும். என்ன ஓசை என்பது வேறு கேள்வி. அந்த வேறு கேள்வியை ஆட்டமே எழுப்புகிறது, ஆடுகிறவர்களின் விரல்களைச் சாட்சியாக வைத்து எழுப்புகிறது.

காட்சியின் உண்மையான குறை அதற்குப் பின்னால் வருகிறது. செய்ததை நினைத்து இருவரும் உட்கார்ந்து வருந்த ஆட்டம் நேரம் கொடுப்பதில்லை. அடுத்த இடம், அடுத்த கருவி, அடுத்த நகைச்சுவை என்று ஓடிவிடுகிறது. இதை யாராவது சுட்டியிருந்தால் ஏற்க வேண்டியதுதான். ஆனால் பெரும்பாலோர் சுட்டியது காட்சியின் கொடூரத்தை. விடுபட்டதோ அந்தக் கொடூரத்தின் கனம்.

டாக்டர் ஹக்கீமைக் காப்பாற்ற முயல்வது வீண் வேலை. மீசை வைத்த புத்தகம், ஸ்பானிய வாடை அடிக்கும் மிகைப்படுத்திய ஆங்கிலம், இடுப்பை ஆட்டி ஆட்டி ஒரு நடனம். முதல் தடவை சிரிப்பு வரலாம். ஐந்தாவது தடவை வராது. பெயர் அரபு, பேச்சு ஸ்பானியம் என்ற குழப்பம் வேறு. ஹக்கீம் என்றால் வைத்தியர் என்று தெரிந்த தமிழ் வாசகருக்கு இது இன்னும் வினோதமாகப் படும். இந்தப் பாத்திரம் எரிச்சலூட்டுகிறது என்று எழுதியவர்கள் சொன்னது சரி. அவர்கள் சறுக்கியது அடுத்த படியில்: ஹக்கீமின் பேச்சையே ஆட்டத்தின் கருத்து என்று எடுத்துக்கொண்டார்கள். ஹக்கீமின் உபதேசத்தால் இந்தக் கதையில் எதுவும் குணமாவதில்லை. மேயும் கோடியும் முதலிலிருந்தே அதை வெறுக்கிறார்கள், கிண்டல் செய்கிறார்கள். வெகு நாளைக்குப் பிறகு அவர்கள் இருவரும் ஒத்துப்போகிற முதல் விஷயமே அந்தப் புத்தகம் தாங்க முடியாதது என்பதுதான். சோபாவில் இருக்கும் இருவருக்கும் அதே நிலை. வீட்டுக்கு வந்து அறிவுரை சொல்லும் மூன்றாம் மனிதரைப் பற்றி, அவர் போன பிறகு கணவனும் மனைவியும் சேர்ந்து பேசிக்கொள்ளும் அந்த ஒற்றுமையை அறியாதவர் யார்? இதைத் திட்டமிட்டுச் செய்தார்களா, தானாக அமைந்ததா என்பது பெரிய விஷயமில்லை. பாத்திரம் மோசம், ஆனால் அதன் மோசத்துக்கு ஆட்டத்தில் ஒரு வேலை இருக்கிறது.

மணமுறிவு பற்றிய புகார் இவற்றில் கனமானது. பிரிய முடிவெடுத்த இருவரைக் குழந்தையின் கண்ணீர் கட்டிப்போட்டு, விருப்பம் கேட்காமல் சேர்த்துவைக்கிறது. பிரிவு என்றாலே தோல்வி என்ற பழைய எண்ணம் இது. பிரிந்த பெற்றோரின் பிள்ளைகள் இதை ஆடினால் என்ன நினைப்பார்கள்? இந்தக் கேள்விக்கு ஆட்டத்தில் முழுப் பதில் இல்லை. மே மேடையேறிப் பாடுகிறாள், இருவரும் முத்தமிட்டுக்கொள்கிறார்கள், மந்திரம் கலைகிறது. கதை எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெளிவு. ஆனால் ஆட்டம் முத்தத்தோடு முடிவதில்லை. கண் விழித்தால் ரோஸைக் காணோம். அம்மா அப்பா சண்டைக்குத் தானே காரணம் என்று நினைத்து வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டாள். பேருந்து நிறுத்தத்தில் அவளைக் கண்டுபிடிக்கிறார்கள். எங்கள் சண்டைக்கு நீ காரணம் இல்லை என்று சொல்கிறார்கள். சேருவதா பிரிவதா என்ற கேள்வி அந்த இடத்தில் இரண்டாம்பட்சமாகிவிடுகிறது. பிரிகிற பெற்றோரும் பிள்ளையிடம் சொல்ல வேண்டிய வாக்கியம் அது, சேர்ந்திருக்கிறவர்களுக்கும் அதுவே. கதை பழமையான பக்கம் சாய்கிறது என்பதற்காகக் குறைத்து மதிப்பிடலாம், தடையில்லை. கதை மோசமாகக் கட்டப்பட்டிருக்கிறது என்பது வேறு குற்றச்சாட்டு. முன்னதை நிரூபித்துவிட்டுப் பின்னதற்கும் தண்டனை கொடுக்கக் கூடாது.

கதையை விட்டு ஆட்டத்தையே குறை சொன்னவர்களும் சிலர் உண்டு. ஒரு கருவி கைக்குப் பழகுவதற்குள் பிடுங்கிக்கொண்டு அடுத்ததைத் தருகிறார்கள். எதிலும் ஆழம் இல்லை. சாவுக்கு விலை இல்லை, பொத்தானைத் தட்டினால் அடுத்த நொடியே எழுந்துவிடலாம் என்பது இவர்கள் வாதம். தனியாக ஆடும் ஆட்டத்துக்கு இந்த அளவுகோல் சரி. இங்கே இரண்டு பேர் ஆடுகிறார்கள். பெரும்பாலான வீடுகளில் அவர்களில் ஒருவர் சிறு வயதிலிருந்து கன்ட்ரோலரோடு வளர்ந்தவர், மற்றவர் இப்போதுதான் முதல் முறை கையில் வாங்குகிறார். முதல் ஆளுக்கு வலது கட்டைவிரலால் கேமராவைத் திருப்புவது மூச்சு விடுவது போல. இரண்டாவது ஆள் நடக்கும்போது வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார், கேமராவைத் திருப்பினால் நின்றுவிடுவார். ஒரே கருவியைப் பன்னிரண்டு மணி நேரம் ஆழமாக வளர்த்தால் என்ன ஆகும்? இருவருக்கும் இடையிலான தூரம் மணிக்கு மணி கூடும். ஒருவர் ஆடுவார், மற்றவர் சுமக்கப்படுவார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கருவியை மாற்றினால் இரண்டு பேரும் திரும்பத் திரும்பப் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறார்கள். காந்தத்தைப் பிடித்துப் பழகியவர் உலகில் யாருமில்லை. சாவு மலிவாக இருப்பதும் அதே காரணத்தால்தான். தவறி விழுந்தவர் மற்றவரைக் காக்கவைத்த குற்ற உணர்வில் ஆட்டத்தை விட்டுவிடக் கூடாது. அந்த ஆழமின்மை, சமமற்ற இருவரைச் சமமாக வைத்திருக்கக் கொடுத்த விலை. நல்ல பேரம் என்றே சொல்ல வேண்டும்.

இதே கோணத்தில் பார்த்தால், வழியில் ஆங்காங்கே கிடக்கும் 25 குட்டிப் போட்டிகளுக்கும் விளக்கம் கிடைக்கும். ஒத்துழைப்பு ஆட்டத்தில் எதற்குப் போட்டி, நேரம் நிரப்பும் வேலை என்று இவற்றை ஒதுக்கினார்கள். கயிறு இழுப்பது உண்டு, சதுரங்கமும் உண்டு. ஒன்றில் கோடி ஓட்டைகளிலிருந்து தலையை நீட்டுவான், மே சுத்தியலால் அடிக்க வேண்டும். ஆணியை முன்கூட்டியே எடுத்துவிட்டவன் மண்டையில் அடிக்க இதைவிட நல்ல வாய்ப்பு வேறெங்கே கிடைக்கும்?

ஃபாரெஸும் இந்தக் குழப்பத்துக்கு ஒரு வகையில் காரணம். 2017 'தி கேம் அவார்ட்ஸ்' விழா மேடையில் ஆஸ்கர் விருதைக் கெட்ட வார்த்தையில் ஏசி, வீடியோ கேம்தான் பெரிது என்று முழங்கியவர், தன் ஆட்டங்களில் சினிமாக் காட்சிகளைக் குறைத்ததில்லை. 2018-இல் வந்த 'எ வே அவுட்'டிலும் அப்படித்தான். காட்சி வந்தால் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பது ஆடுகிறவர் பழக்கம். இனிமேல் கதை, இதுவரை ஆட்டம் என்று மனம் தானாகவே பிரித்துவிடும். அந்தக் காட்சிகளில் பாதியை வெட்டியிருந்தால் கதை சொதப்பல் என்ற பேச்சே எழுந்திருக்காது என்று நம்ப இடமிருக்கிறது. ஆனால் விமர்சகரின் வேலை இயக்குநர் போட்ட கோட்டிலேயே நடப்பது இல்லையே.

2025 மார்ச் 6 அன்று ஹேஸ்லைட்டின் அடுத்த ஆட்டமான 'ஸ்பிளிட் ஃபிக்‌ஷன்' வந்தது. மியோ அறிவியல் புனைவு எழுதுகிறவள், ஸோயி மாயாஜாலக் கதை எழுதுகிறவள். எழுத்தாளர்களின் கற்பனையைத் திருடும் இயந்திரம் ஒன்றில் இருவரும் மாட்டிக்கொள்கிறார்கள். மதிப்பெண்கள் முந்தைய ஆட்டத்தைவிடவும் கூடின. கூடவே அந்தப் பழைய வாக்கியமும் எழுத்து மாறாமல் திரும்பி வந்தது: ஆட்டம் பிரமாதம், கதை சுமார். கடைசி அத்தியாயத்தில் இயந்திரம் பழுதாகிறது. திரையை இரண்டாகப் பிரிக்கும் கோடு, 'எ வே அவுட்' தொடங்கி ஏழு ஆண்டுகளாக ஆடுகிறவர்கள் கண்ணில் படாமலே இருந்த அந்தக் கோடு, அசைகிறது, சாய்கிறது, சுழல்கிறது. ஒருத்தி அதைத் தாண்டி மற்றவள் எழுதிய உலகத்துக்குள் கால் வைத்தால் அவள் உருவமே அந்த உலகத்துக்கு ஏற்ப மாறுகிறது. ஒருத்தியின் கற்பனைக்குள் இன்னொருத்தி நுழைவது எப்படியிருக்கும் என்பதைத்தான் அந்தக் கதை தொடக்கம் முதல் சொல்லிக்கொண்டிருந்தது. விமர்சகர்கள் அந்த அத்தியாயத்தை மனமாரப் புகழ்ந்தார்கள், ஆட்ட வடிவமைப்பு என்ற தலைப்பின் கீழ்.